வெள்ளைத் தேநீர்: பொட்டலத்தில் எழுதியிருப்பதில் எவ்வளவு உண்மை?

கேள்வி – தளிர்விரும்பி

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வெள்ளித் தளிர் வகையைச் சேர்ந்த வெள்ளைத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றை வாங்கினேன். ஆயிரம் ஆண்டுகளாகச் சீனப் பேரரசர்கள் பருகிவந்த தேநீர் என்றும், தேநீர் வகைகளிலேயே கஃபீன் மிகக் குறைந்தது இதுதான் என்றும், பச்சைத் தேநீரைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்டிருப்பதால் புற்றுநோயைத் தடுத்து உடல் எடையையும் குறைக்கும் என்றும் அதன்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். இவற்றில் எதை நம்பலாம்? மேலும், பச்சைத் தேநீருக்குச் செய்வதுபோலவே ஒரு கரண்டி இலையை இரண்டு நிமிடம் ஊறவைத்துப் பருகினால், வெந்நீரைக் குடித்ததுபோல்தான் இருக்கிறது. குறை இலையிலா, நான் தயாரிக்கும் முறையிலா?

மறுமொழி – பழஞ்சுவடி

பேரரசர் கதையிலிருந்து தொடங்குகிறேன். சோங் மரபைச் சேர்ந்த ஹுய்சோங் பேரரசர் 1107ஆம் ஆண்டளவில் தேநீரைப் பற்றி எழுதிய நூலில் வெள்ளைத் தேநீரைத் தனிச் சிறப்புடையதாகப் போற்றியிருப்பது உண்மைதான். ஆனால் அவர் குறிப்பிட்டது, இயல்பிலேயே வெளிறிய இலைகளைக் கொண்ட அரிய மரங்களிலிருந்து பறித்து, ஆவியில் வேகவைத்து, வில்லைகளாக அழுத்தி, பின்னர் பொடித்து வெந்நீரில் கடைந்து பருகிய தேநீரை. உங்கள் பொட்டலத்தில் இருப்பதற்கும் அதற்கும் செய்முறையில் எந்த ஒற்றுமையும் இல்லை.

இன்றைய வெள்ளைத் தேநீரின் தாயகம் சீனாவின் தென்கிழக்குக் கடலோர மாகாணமான ஃபூஜியன். அதிலும் குறிப்பாக ஃபூடிங், செங்ஹே ஆகிய இரு வட்டாரங்கள். பருத்த மொட்டும் அடர்ந்த வெண்ரோமமும் உடைய 'தாபாய்' வகைச் செடிகள் அங்கே பரவிய பிறகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மொட்டுகளை மட்டும் கொண்டு வெள்ளித் தளிர் செய்யும் வழக்கம் நிலைபெற்றது. மொட்டோடு ஓரிரு இலைகளும் சேர்ந்த 'பாய் முதான்' எனப்படும் வெள்ளைப் பியோனி 1922ஆம் ஆண்டளவில், அதே மாகாணத்தின் ஷுய்ஜி என்னும் ஊரில் தோன்றியது. ஆக, ஏறத்தாழ நூற்று முப்பது நாற்பது ஆண்டு வரலாறுதான். அரசர் பெயரைச் சேர்த்தால் விலை கூடும் என்பதை வணிகர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

மறுமொழி – வாட்டுதட்டு

சுவை இல்லை என்ற உங்கள் குறைக்குக் காரணம், இந்த இலையைப் பக்குவப்படுத்தும் முறையிலேயே இருக்கிறது. பச்சைத் தேநீரில் இலையைப் பறித்த சிறிது நேரத்திற்குள் சூடேற்றி நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள்; கறுப்புத் தேநீரில் இலையை உருட்டி நசுக்கிச் சாற்றை வெளிக்கொணர்ந்து, காற்றோடு வினைபுரிய விடுவார்கள். வெள்ளைத் தேநீரில் இவை இரண்டுமே இல்லை. மூங்கில் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு மெல்லியதாகப் பரப்பி, இளவெயிலிலும் நிழலிலுமாக 36 முதல் 72 மணி நேரம் வரை வாட்டி, இறுதியில் மிதமான சூட்டில் உலர்த்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

'மிகக் குறைவாகப் பதப்படுத்தப்பட்டது' என்று விளம்பரங்கள் சொல்வது கைவேலையைப் பொறுத்தவரை சரியே. ஆயினும் அந்த நீண்ட வாட்டுதலின்போது இலைக்குள் நிகழ்வது கொஞ்சமல்ல. நொதிகள் உயிர்ப்போடு இருப்பதால் மெதுவான, இலேசான ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. புரதங்களில் ஒரு பகுதி அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. பச்சை வாடை அடங்கி, வைக்கோலையும் காட்டுப் பூவையும் நினைவூட்டும் மணமும் மெல்லிய இனிப்பும் உருவாகின்றன. அவசரப்பட்டு உலர்த்தினால் பச்சை நெடி தங்கிவிடும். ஈரக் காற்றில் வாட்டுதல் இழுத்துக்கொண்டே போனால் இலை கறுத்துவிடும். உருட்டுதல், வறுத்தல் என்று பிழையை மறைக்கப் பிற்படிகள் ஏதும் இல்லாததால், என் கணிப்பில் தேநீர் வகைகளிலேயே செய்பவரின் பொறுமையை மிகுதியாகச் சோதிப்பது இதுதான்.

இலை நசுங்காததால் அதன் உயிரணுச் சுவர்கள் பெரும்பாலும் உடையாமல் இருக்கின்றன. எனவே சாறு மெதுவாகவே நீரில் இறங்கும். அதோடு, வெள்ளித் தளிர் பஞ்சுபோல் இடத்தை அடைத்துக்கொள்வதால் கரண்டி அளவை நம்ப முடியாது. 150 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் என்று எடைபோட்டு எடுத்து, 85 முதல் 90 பாகை செல்சியஸ் சூட்டில் நான்கைந்து நிமிடம் ஊறவிடுங்கள். முதலில் படுத்து மிதக்கும் மொட்டுகள் நீரை உறிஞ்சியபின் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்று அடியில் இறங்குவதைக் கண்ணாடிக் குவளையில் காணலாம். மேலே நுண்ணிய இழைகள் மிதந்தால் தூசு என்று எண்ணிவிட வேண்டாம்; அவை மொட்டின்மேல் இருந்த வெண்ரோமங்களே.

மறுமொழி – நாடிமானி

உடல்நலம் பற்றிய கூற்றுகளில், கஃபீன் மிகக் குறைவு என்பதை முதலில் தள்ளிவிடலாம். பூச்சிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் தேயிலைச் செடி தன் இளந்தளிர்களிலேயே கஃபீனை மிகுதியாகச் சேர்த்துவைக்கிறது. வெள்ளித் தளிர் முழுவதும் அத்தகைய மொட்டுகள்தாம். குறைந்த இலையைக் குறைந்த நேரம் ஊறவைத்தால் குவளையில் கஃபீன் குறையும் என்பது எல்லாத் தேநீருக்கும் பொருந்தும். நண்பர் சொன்ன அளவில் தயாரித்தால், கறுப்புத் தேநீருக்கு ஈடான கஃபீன்கூட இறங்கக்கூடும்.

பச்சைத் தேநீரில் உள்ள, கேட்டசின்கள் எனப்படும் அதே துவர்ப்புச் சேர்மங்கள்தாம் இதிலும் உள்ளன. வாட்டும்போது அவற்றில் ஒரு பகுதி குறையவே செய்கிறது. புற்றுநோய், உடல் எடை தொடர்பாக வெள்ளைத் தேநீரைக் கொண்டு செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை உயிரணுக்களிலும் எலிகளிலும் நடந்தவை. மக்களை நெடுங்காலம் கண்காணித்த பெரிய ஆய்வுகள் பச்சை, கறுப்புத் தேநீர்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டன; பொட்டலங்கள் அந்த முடிவுகளைக் கடன் வாங்கிப் பேசுகின்றன. சர்க்கரையும் பாலும் இன்றிப் பருகப்படும், கலோரி ஏறக்குறைய இல்லாத பானம் என்பதே எடையைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்லக்கூடிய நன்மை.

கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. உணவிலிருந்து இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தேநீரின் பாலிபீனால்கள் (கேட்டசின்களை உள்ளடக்கிய சேர்மக் குடும்பம்) குறைப்பதால், இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கான கஃபீன் வரம்பைப் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் எனக் கூறியுள்ளது. வெள்ளைத் தேநீரும் இக்கணக்கில் சேரும்.

தளிர்விரும்பி

மிக்க நன்றி. எடைபோட்டுத் தயாரித்ததில் சுவை தெளிவாகவே தெரிகிறது. 'ஓராண்டு தேநீர், மூன்றாண்டு மருந்து, ஏழாண்டு புதையல்' என்று சொல்லிப் பழைய வெள்ளைத் தேநீர் வில்லைகளைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அதற்கு ஏதேனும் அடிப்படை உண்டா?

மறுமொழி – வாட்டுதட்டு

நாட்பட நாட்பட மாறுவது உண்மை, மருந்தாவதுதான் விளம்பரம். ஆண்டுகள் செல்லச் செல்லக் கேட்டசின்கள் குறைந்து துவர்ப்பு தணிகிறது, நீரின் நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு அடர்கிறது, பேரீச்சையையும் மூலிகையையும் ஒத்த மணம் வருகிறது. பெரும்பாலும் இத்தகைய வில்லைகளுக்குப் பயன்படுத்துவது முற்றிய இலைகள் கலந்த 'ஷோவ்மேய்' வகை. அது மலிவானது, கொதிக்கவைத்தும் பருகத்தக்கது. முற்றிய இலையில் ஃபுளோரைடு கூடுதலாகச் சேரும் என்பதால், அதை நாள் முழுவதும் கொதிக்கவைத்துக் குடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைமையின் சுவை உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க, அண்மை ஆண்டில் செய்த ஷோவ்மேய் ஒன்றை வாங்கி, ஈரமும் வெளிச்சமும் பிற மணமும் அண்டாத இடத்தில் மூடிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துத் தயாரித்துப் பாருங்கள்.