16 வயதுப் பிரிவில் 4-1 வெற்றி ஆட்சேபனைக்குப் பிறகு 0-3 ஆகுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

16 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டம், வலய மட்டக் குழு ஆட்டம். 4-1 என்று எங்கள் அணி வென்றது. விசில் அடித்துக் கொஞ்ச நேரத்தில் எதிரணியின் பொறுப்பாசிரியர் 7ஆம் இலக்கப் பிள்ளைக்கு வயது கூட என்று எழுத்தில் ஆட்சேபனை கொடுத்துவிட்டார்.

பிறப்புச் சான்றிதழில் 2009.08.10. அப்படியென்றால் பிள்ளை பிரிவுக்குள் வருகிறான். பாடசாலைச் சேர்விடாப்பில் (பிள்ளையைச் சேர்க்கும்போது விபரம் பதிகிற இடாப்பு) 2008.08.10 என்று இருக்கிறது, அதன்படி வெளியே. போதாக்குறைக்கு அடையாள அட்டை இலக்கம் 2009223 என்று தொடங்குகிறது. கலண்டரில் எண்ணினால் ஓகஸ்ட் 10 வருடத்தின் 222ஆவது நாள். "ஒரு நாள் இடிக்குது, அட்டையும் பொய்" என்று எதிரணி நிற்கிறது.

எந்த ஆவணம் எடுபடும்? தோற்றதாக அறிவித்தால் கோல் கணக்கு என்ன ஆகும்? மத்தியஸ்தர் ஆட்டத்துக்கு முன்னம் பட்டியலைப் பார்த்துச் சரி சொன்னவர்தானே, அது உதவாதா?

---

கொடிக்கம்பம்

கடைசிக் கேள்வி முதலில். உதவாது சேர். மத்தியஸ்தர் பார்ப்பது பட்டியலில் இருக்கிற பெயரும் மைதானத்தில் நிற்கிற ஆளும் ஒன்றா என்பதை மட்டும். ஆட்டம் தொடங்க முன்னம் பெயர் கொடுக்காத மாற்று வீரரை இறக்க விடமாட்டார். வயது, பாடசாலை மாற்றம், போன ஆட்டத்துச் சிவப்பு அட்டை எல்லாம் ஏற்பாட்டுக் குழுவின் வேலை. மத்தியஸ்தரின் அறிக்கையில் ஆட்சேபனை வந்தது என்று ஒரு வரி இருக்கும். தீர்ப்பு இருக்காது. லைனில் நின்று மத்தியஸ்தரோடு சண்டை பிடிக்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

கோல் கணக்குக்கு ஃபிஃபா ஒழுக்கக்கோவையில் இருப்பது இது: தகுதியற்ற வீரரை இறக்கிய அணி 0-3 என்று தோற்றதாகக் கொள்ளப்படலாம். 11 பேர் ஆட்டத்துக்குத்தான் 3, ஃபுட்சலுக்கு (5 பேர் உள்ளரங்க ஆட்டம்) 5. பிழைவிட்ட அணி மைதானத்திலேயே அதைவிட மோசமாக, 0-5 என்று தோற்றிருந்தால் அந்த 0-5 அப்படியே நிற்கும். தண்டனை அவர்களுக்குச் சலுகையாகிவிடக் கூடாது, அதுதான் காரணம். உங்கள் போட்டியின் விதிக்கோவையில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதுதான் செல்லும், முதலில் அதை எடுத்து வாசியுங்கள்.

நீங்கள் சொல்கிற ஆட்டத்தில் 3 புள்ளி போவதோடு முடியாது. +3 ஆக இருந்த கோல் வித்தியாசம் -3 ஆகிறது. ஒரே கையெழுத்தில் 6 கோல் தள்ளாட்டம். குழுவில் மூன்றாவது அணி ஒன்று இருந்தால் அவர்களுக்கும் தலைவிதி மாறும்.

---

மூலைக்கொடி (அக்கரைப்பற்று)

அடையாள அட்டைக் கதையை இதோட விடுங்க. அட்டை சரி, எண்ணினவர்தான் பிழை.

12 இலக்க அட்டையில முதல் 4 இலக்கம் பிறந்த வருடம். அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தினையாவது நாள் எண்டது, பெண்பிள்ளை எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். இந்த எண்ணிக்கையில பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள். லீப் வருடமோ இல்லையோ அதே கணக்குத்தான். 2009 லீப் வருடம் இல்ல. அதனால மார்ச் 1 தொடக்கம் பிறந்த எல்லாருக்கும் கலண்டரைவிட ஒரு நாள் கூடக் காட்டும். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31. கூட்டினா 213. ஓகஸ்ட் 10 சேர்த்தா 223. அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கு. பெண்பிள்ளையா இருந்தா 723 எண்டு வரும், அதைப் பார்த்தும் "இப்படி ஒரு நாளா?" எண்டு ஆக்கள் குழம்பிறவங்க.

ஆனா ஒண்டு. அட்டை தனிச் சாட்சி இல்ல. பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துத்தான் அட்டை எடுக்கிறது. சான்றிதழ் பிழை எண்டா அட்டையும் அதே பிழையைத்தான் சொல்லும். ஆகவே கேள்வி சான்றிதழுக்கும் சேர்விடாப்புக்கும் இடையிலதான்.

---

பழைய இடாப்பு

மூலைக்கொடி சொன்னதற்குத் தொடர்ச்சி. சான்றிதழில் 3 திகதி இருக்கும்: பிறந்த திகதி, பதிந்த திகதி, பிரதி வழங்கிய திகதி. ஆட்சேபனை கொடுக்கிறவர்கள் அநேகமாக மூன்றாவதைப் பார்த்து "போன மாதம் எடுத்த சான்றிதழ், செய்துகொண்டு வந்தது" என்று துள்ளுவார்கள். பிரதியைப் பிரதேச செயலகத்தில் எப்போதும் எடுக்கலாம், அதில் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது பதிந்த திகதி. பிறந்து சில கிழமைக்குள் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழை அசைப்பது கடினம். பிறந்து பல வருடம் கழித்துக் காலங்கடந்த பதிவாக இருந்தால் குழு சேர்விடாப்பையும், முந்திய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் கேட்கும். கேட்பதும் நியாயம்தான்.

உங்கள் விடயத்தில் நாளும் மாதமும் ஒன்று, வருடம் மட்டும் வேறு. எழுத்தர் கை தவறியது போலத்தான் தெரிகிறது. ஆனாலும் குழுவுக்கு "போல" போதாது. அதே இடாப்பில் அந்த வகுப்புக்கு அந்த வருடம் சேர்ந்த மற்றப் பிள்ளைகளின் திகதிகளையும் காட்டுங்கள். முன்னும் பின்னும் உள்ள பத்து வரி 2009 என்றால் நடுவில் ஒரு 2008 எப்படி வந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

தயவுசெய்து இப்போது போய் அந்த வரியைத் திருத்திவிடாதீர்கள். வெள்ளை மை பூசிய இடாப்பு வந்தால் நல்ல கேஸும் அதோடு சரி. அதிபரின் கடிதம், இடாப்பின் அந்தப் பக்கப் பிரதி, அதிபர் உறுதிப்படுத்திய சான்றிதழ் பிரதி, மூலமும் கையோடு. விசாரணை முடிந்த பிறகு இடாப்பைத் திருத்தும் முறைப்படி திருத்தலாம்.

---

வாவிக்கரை

நன்றி. 223 கணக்கு தெரியாமல் போய்விட்டது. மணிக்கட்டு ஸ்கான் எடுத்துக் காட்டினால் முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

---

கொடிக்கம்பம்

வேண்டாம். ஃபிஃபா 2009இல் 17 வயது உலகக் கிண்ணத்துக்கு மணிக்கட்டு எம்ஆர்ஐ கொண்டுவந்தது உண்மை. அது 17ஐத் தாண்டியவரைப் பிடிப்பதற்கு. எலும்பு முழுதாக மூடிவிட்டதா என்று பார்க்கிறார்கள். 2008ஆ 2009ஆ என்ற ஒரு வருட வித்தியாசத்தை அது தீர்க்காது. சும்மா பிள்ளையை அலைக்கழிக்கிற வேலை. முகத்தில் மீசை, உயரம் எல்லாம் அதைவிடப் பயனில்லாத வாதம்.

---

மூலைக்கொடி (அக்கரைப்பற்று)

ஆட்சேபனை கொடுக்கிற பக்கத்துக்கும் ஒரு சொல். "அவன் வயது கூட" எண்டு எழுதினா அது ஆட்சேபனை இல்ல, வதந்தி. ஆட்டம், நேரம், மைதானம், பிள்ளையின் பெயர், ஜேர்சி இலக்கம், எந்த விதி மீறப்பட்டது, எந்த ஆவணத்தால காட்டிறீங்க எண்டு எழுதணும். கட்டணம் இருந்தா கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கணும். நேரம் குறிச்சுக் கையெழுத்து வாங்கின பிரதி ஒண்டு உங்களிட்ட இருக்கணும். காலக்கெடு விதிக்கோவையில இருக்கும். 10 நிமிடம் பிந்தினாலும் எடுக்க மாட்டம் எண்டு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு.

வெண்டா நமக்கு நல்லது எண்டு மட்டும் நினைச்சுக் கொடுக்கவும் வேணாம். 2018 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில பொலிவியா, நெல்சன் கப்ரேரா எண்ட தகுதியில்லாத வீரரை ரெண்டு ஆட்டத்தில இறக்கினது. சிலி முறைப்பாடு போட்டுது. 0-0 சமநிலை 3-0 ஆகி சிலிக்கு 2 புள்ளி கூடினது. அதே தீர்ப்பில, மற்ற ஆட்டத்தில பொலிவியாவிட்ட 0-2 எண்டு தோத்திருந்த பெருவுக்கு 3 புள்ளி. கடைசியில ரெண்டு அணியும் 26 புள்ளி, கோல் வித்தியாசத்தில பெரு 5ஆம் இடம். சிலி 6ஆம் இடத்தோட வீட்ட போயிட்டுது. வாய வச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா 24க்கு 23 எண்டு சிலிதான் மேல.

---

பழைய இடாப்பு

அது சிலியின் கதை. நம்மிடம் அதிகம் ஆட்டம் பறிபோவது வயதில் அல்ல, சிவப்பு அட்டையில். கோட்ட மட்டத்தில் கடைசி ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட பிள்ளை வலய மட்ட முதல் ஆட்டத்தில் இறங்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. தடை அடுத்த கட்டத்துக்குத் தொடருமா இல்லையா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்தால் போதும்.

வாவிக்கரை, விசாரணைத் திகதி வந்ததும் இடாப்புப் பக்கத்தின் பிரதி 2 கொண்டு போங்கள். ஒன்றைக் குழு வைத்துக்கொள்ளும், மேன்முறையீடு என்று வந்தால் மற்றது தேவைப்படும்.