புதுப்பிப்பு: ஈவ் ஆன்லைன் விண்வெளி விளையாட்டில் அதிகம் கவனிக்காமல் தாது வெட்ட எந்தக் கப்பல்?

வேறு வேலை பார்த்துக்கொண்டே தாது வெட்ட ரிட்ரீவர் கப்பலா, புரொக்யூரர் கப்பலா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. ரிட்ரீவரின் தாதுக் கிடங்கு பெரிது, நிலையத்துக்கு அடிக்கடி ஓட வேண்டாம். ஆனால் உடம்பு மெலிசு. பாதுகாப்பு அளவு 0.5 உள்ள மண்டலத்தில், தாக்குபவர்களைத் தண்டிக்கும் கான்கார்ட் காவல்படை மெதுவாகத்தான் வரும். அதற்குள் மற்ற ஆட்டக்காரர்களின் சில கேட்டலிஸ்ட் போர்க்கப்பல்கள் கதையை முடித்துவிடும். அங்கே உடம்பு உறுதியான புரொக்யூரர்தான். கவெட்டர் என்ற இன்னொரு கப்பல் வேகமாக வெட்டும், கிடங்கும் சட்டென்று நிரம்பிவிடும். சரக்கை வாங்கிக்கொள்ள பக்கத்தில் ஆள் இருந்தால் சரி.

என்னைக் கேட்டால் கப்பலைவிடப் பாறைதான் முக்கியம். எந்தப் பாறையில் எவ்வளவு தாது இருக்கிறது என்று ஸ்கேன் பண்ணிப் பார்த்து, பெரிய பாறை இரண்டைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் தாது வெட்டும் லேசர் ஒன்றைப் போடுங்கள். சின்னப் பாறை தீர்ந்தால் லேசர் நின்றுவிடும், நாம் பாட்டுக்குச் சும்மா மிதந்துகொண்டிருப்போம். அப்புறம், டிரோன்களை வெளியே விட்டுவையுங்கள், கணினி ஓட்டும் கொள்ளையர் கப்பல்கள் வந்தால் அவை பார்த்துக்கொள்ளும்.