பேட்டில்ஃபீல்டு 6 ஓப்பன் பீட்டா: லோவுல வெச்சாலும் 57 எஃப்பிஎஸ் தாண்டல, கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணுமா?

பதுங்குகுழி பாண்டி | 2025 ஆகஸ்ட் 15

லிபரேஷன் பீக் மேப், 64 பேர் ஆடற கான்க்வெஸ்ட் மோட். ஹை செட்டிங்ஸ்ல 55 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 55 ஃப்ரேம்). எல்லாத்தையும் லோவுக்கு இறக்கினா 57. டிஎல்எஸ்எஸ் (குறைஞ்ச ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கற என்விடியா வசதி) பெர்ஃபார்மன்ஸ் போட்டா 56. டாங்கி நாலு சேர்ந்து ஒரு கட்டடத்தை இடிக்கும்போது 40க்கு விழுது.

சிஸ்டம்: ரைசன் 5 3600, கூடவே வந்த கூலர், பி450 போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 16 ஜிபி டிடிஆர்4 3200 ஒரே ஸ்டிக், என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 10, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். மேட்ச்ல ஜிபியு யூசேஜ் 50-55% தான் காட்டுது. சிபியு 75-80%.

செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடற பாதுகாப்பு) இல்லாம பீட்டா திறக்காதுன்னு போன வாரம் பயாஸ் அப்டேட் பண்ணி, டிஸ்கை எம்பிஆர்ல இருந்து ஜிபிடிக்கு மாத்தி, சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறை) ஆஃப், எஃப்டிபிஎம் (சிபியுவுக்குள்ளயே இருக்கிற பாதுகாப்புப் பகுதி) ஆன், செக்யூர் பூட் ஆன். கேம் திறக்குது, அதுல சிக்கல் இல்ல. ஆனா அதுக்கப்புறம் மத்த கேம்லயும் கொஞ்சம் மந்தமான மாதிரி இருக்கு.

கார்டு மாத்தினா சரியாகுமா? யூடியூப்ல எல்லாரும் சொல்ற யூசர் டாட் சிஎஃப்ஜி ஃபைல் போடலாமா? 17ஆம் தேதியோட பீட்டா முடியுது, அதுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

---

மில்லிசெகண்ட் முருகு

கார்டைத் தொடாதீங்க ப்ரோ. கேள்வியிலயே பதில் இருக்கு. ஹைல 55, லோல 57, ரெசல்யூஷனைப் பாதியாக்கினாலும் 56. கார்டுதான் தடைன்னா, வேலையைக் குறைச்சதும் எண் எகிறியிருக்கணும். கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கு, சிபியு கொடுக்கிற ஃப்ரேமுக்காகக் காத்திருக்கு.

சிபியு 80% தானேன்னு பாக்காதீங்க. அது 12 த்ரெட்டோட (6 கோர், கோருக்கு ரெண்டு வேலை வரிசை) சராசரி. கேமோட மெயின் த்ரெட் ஒரு கோர்ல மூச்சு முட்டிக்கிட்டு இருந்தாலும் சராசரி 60, 70ன்னுதான் தெரியும்.

உறுதிப்படுத்திக்க இன்டெல்லோட ப்ரெசென்ட்மான் போடுங்க. இலவசம், என்விடியா கார்டுலயும் ஓடும், கேமுக்குள்ள எதையும் நுழைக்காததால ஆன்டி-சீட்டோட மோதாது. அதுல ரெண்டு எண் மட்டும் போதும்: ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகற மொத்த நேரம்), ஜிபியு பிஸி (அதுல கார்டு வேலை செஞ்ச நேரம்). 55 எஃப்பிஎஸ்னா ஃப்ரேம் டைம் 18 மில்லிசெகண்ட். ஜிபியு பிஸி அதுக்குப் பக்கத்துல 17ன்னு இருந்தா தடை கார்டு. 9, 10ன்னு இருந்தா தடை சிபியு பக்கம். கார்டு தனியா 100 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல தரத் தயாரா இருக்குன்னு அர்த்தம். உங்க யூசேஜைப் பாத்தா ரெண்டாவதுதான்.

இப்ப முக்கியமானது. பயாஸ் அப்டேட் பண்ணினீங்களே, எக்ஸ்எம்பியை (ரேமை அதோட ஸ்டிக்கர் வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்) திரும்ப ஆன் பண்ணினீங்களா? அப்டேட் பண்ணினா எல்லா செட்டிங்கும் ஆலை விட்டு வந்த நிலைக்குப் போயிடும். ஸ்டிக்கர்ல 3200ன்னு போட்டிருக்கிற ரேம், எக்ஸ்எம்பி இல்லாம 2133லயோ 2400லயோதான் ஓடும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அடிச்சு, பெர்ஃபார்மன்ஸ் டேப்ல மெமரிக்குப் போய் 'ஸ்பீட்' பாருங்க. சிபியு-இசட்ல பாத்தா பாதி எண்தான் காட்டும். அங்க 1200ன்னா நிஜ வேகம் 2400. அதைப் பாத்துப் பதறாதீங்க.

இந்த சிபியுவுக்கு இது ரெட்டை அடி. ரைசன் 3000 வரிசையில கோர்களையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், மெமரி கிளாக்கோட ஒண்ணுக்கு ஒண்ணாத்தான் ஓடும். ரேம் 3200ல இருந்தா ஃபேப்ரிக் 1600 மெகாஹெர்ட்ஸ். ரேம் 2400க்கு இறங்கினா அதுவும் 1200. அதோட ஒரே ஸ்டிக் வேற, அதாவது ரேமுக்கு ஒரே பாதை (சேனல்). ஒரு சேனல் 2400ல விநாடிக்கு 19.2 ஜிபி தரும். அதே ரேம் ரெண்டு ஸ்டிக்கா 3200ல ஓடினா 51.2 ஜிபி. 64 பேர், வண்டி, உடையற சுவர், பறக்கிற செங்கல்னு சிபியு கணக்குப் போட வேண்டிய இடத்துல இந்த வித்தியாசம் அப்படியே வெளிய தெரியும். கேமோட சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ்லயே 16 ஜிபின்னு சும்மா போடல, டூயல் சேனல்னு சேர்த்துப் போட்டிருக்காங்க. யாரும் அந்த வார்த்தையைப் படிக்கிறதில்ல.

பயாஸ்ல எக்ஸ்எம்பின்னு தேடிக் கிடைக்கலைன்னா: எம்எஸ்ஐ போர்டுல ஏ-எக்ஸ்எம்பி, அசுஸ்ல டிஓசிபி. ப்ரொஃபைல் 1 தேர்ந்தெடுத்து எஃப்10. அவ்வளவுதான். அதை முடிச்சுட்டு எண்களோட வாங்க, செட்டிங்ஸைப் பத்தி அப்புறம் பேசலாம்.

---

டர்போ தம்பி

விண்டோஸ் டிப்ளோட் ஸ்கிரிப்ட் (தேவையில்லாததை நீக்கறது) ஒண்ணு ஓட்டுங்க மச்சி, ஹெச்பிஇடி (சிஸ்டம் டைமர்) ஆஃப், டிஃபென்டர் ஆஃப். எனக்கு 20 எஃப்பிஎஸ் ஏறுச்சு.

---

ஜம்பர் பின்

டிஃபென்டரை ஆஃப் பண்றதும் ஹெச்பிஇடியை நோண்டறதும் வேண்டாம். கர்னல் அளவுல ஓடற ஆன்டி-சீட் உள்ள கேம் இது. முன்பின் தெரியாத ஸ்கிரிப்ட் எந்த சர்வீஸை நிறுத்துச்சுன்னே தெரியாம, அப்புறம் கேம் திறக்கலைன்னு இன்னொரு கேள்வி போடணும். பின்னணியில குரோம் 30 டேபோட ஓடினா மூடுங்க, டிஸ்கார்டு ஓவர்லேயை ஆஃப் பண்ணுங்க. அதுக்கு மேல விண்டோஸ்ல பிடுங்கறதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல.

பாண்டி, எக்ஸ்எம்பி ஆன் பண்ணப் போறதுக்கு முன்னாடி மூணு எச்சரிக்கை.

பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கோங்க. பயாஸ் பக்கம் கை வெச்சா சில சமயம் பூட்ல அதைக் கேட்கும்.

எக்ஸ்எம்பி போட்டதும் ரெண்டு மூணு தடவை தானா அணைஞ்சு எரியும். அது மெமரி ட்ரெய்னிங், பயப்படாம ஒரு நிமிஷம் விடுங்க. அதுக்கப்புறமும் திரை வரலைன்னாதான் சிஎம்ஓஎஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்ஸை அழிக்கிறது): பவர் கேபிளை உருவிட்டு, போர்டுல அந்த ரெண்டு பின்னை சில விநாடி ஸ்க்ரூடிரைவர் முனையால சேர்த்துப் பிடிங்க. இங்கதான் பல பேர் மாட்டிக்கிறாங்க. சிஎம்ஓஎஸ் கிளியர் பண்ணினா செக்யூர் பூட்டும் போயிடும், சில போர்டுல சிஎஸ்எம் திரும்ப ஆன் ஆகிடும். கேம் மறுபடியும் கதவைச் சாத்தும். எம்எஸ்இன்ஃபோ32 திறந்து பயாஸ் மோட் 'யுஇஎஃப்ஐ', செக்யூர் பூட் ஸ்டேட் 'ஆன்'னு ரெண்டும் இருக்கான்னு பாருங்க. பயாஸ்ல எனேபிள்டுன்னு காட்டியும் இங்க 'ஆஃப்'னா கீ ஏறலைன்னு அர்த்தம். செக்யூர் பூட் மெனுவுல ஃபேக்டரி கீகளை மீட்டெடுக்கிற தேர்வை அழுத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

மூணாவது, பயாஸ் பதிப்பு. ரைசன்ல எஃப்டிபிஎம் ஆன் பண்ணினா எப்பவாவது ஒரு தடவை ஒன்றிரண்டு விநாடி எல்லாமே உறைஞ்சு, சத்தமும் கரகரன்னு வரும். எஃப்டிபிஎம் அந்த நேரத்துல போர்டுல இருக்கிற ஃப்ளாஷ் சிப்போட பேசறதால வர்றது. 2022லயே ஏஎம்டி ஒத்துக்கிட்டு, அஜீஸா (பயாஸுக்குள்ள வர்ற ஏஎம்டியோட அடிப்படைக் குறியீடு) 1.2.0.7ல சரி பண்ணிட்டாங்க. நீங்க போன வாரம்தான் அப்டேட் பண்ணினதால தப்பிச்சீங்க. பழைய பயாஸ்லயே எஃப்டிபிஎம்மை மட்டும் ஆன் பண்ணிட்டு "பீட்டா ஸ்டட்டர் ஆகுது"ன்னு திட்டறவங்க இதைக் கவனிங்க.

---

பதுங்குகுழி பாண்டி

டாஸ்க் மேனேஜர்ல 2400 தான் இருந்துச்சு! ஸ்லாட் 1/2ன்னும் காட்டுது. டிஓசிபி ஆன் பண்ணிட்டேன், இப்ப 3200. செக்யூர் பூட் அப்படியே ஆன்ல இருக்கு.

அதே மேப், அதே செட்டிங்ஸ். முன்னாடி ஃப்ரேம் டைம் 18, ஜிபியு பிஸி 9. இப்ப 15, 9. அதாவது 66 எஃப்பிஎஸ் சுமாரா. இடிபாட்டுல 40க்கு விழுந்தது இப்ப 50ல நிக்குது.

இன்னும் ரெண்டு சந்தேகம். முதல் மேட்ச் தொடங்கி ரெண்டு நிமிஷம் திக்கித் திக்கி ஓடுது, அப்புறம் சரியாகிடுது. ஏன்? செட்டிங்ஸ்ல இனி எதை இறக்கறது?

---

மில்லிசெகண்ட் முருகு

திக்கல் ஷேடரால (ஒளி, நிறம், பரப்பை வரைய கார்டுல ஓடற சின்ன நிரல்). கேம் டைரக்ட்எக்ஸ் 12. ஒவ்வொரு ஷேடரையும் உங்க கார்டுக்கும் டிரைவருக்கும் ஏத்த மாதிரி ஒரு தடவை தொகுத்து டிஸ்க்ல வெச்சுக்கணும். டிரைவரை மாத்தினா பழைய தொகுப்பு செல்லாது, முதல்ல இருந்து தொடங்கும். புது டிரைவர் போட்ட அன்னைக்கு நேரா மேட்ச்ல குதிக்காம, மெனுவுல ஷேடர் வேலை முடியற வரைக்கும் விடுங்க. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி ஆக்குங்க. எஃப்பிஎஸ் குறையுதுன்னு கேஷ் ஃபோல்டரைத் தினமும் அழிக்கச் சொல்ற வீடியோ இருக்கு பாருங்க, அது திக்கலை நாமே தினமும் வரவழைக்கிற வழி.

செட்டிங்ஸ்ல உங்க கேஸ் தலைகீழ். கார்டுக்கு வேலை கொடுங்க, சிபியுவுக்குக் குறைங்க.

சிபியுவைத் தின்றது மெஷ் குவாலிட்டி, அடர்புல், எஃபெக்ட்ஸ், நிழல். மெஷ்ஷைக் கூட்டினா தூரத்துப் பொருள் எல்லாம் முழு வடிவத்துல நிக்கும். ஒவ்வொண்ணையும் வரையச் சொல்லி சிபியுதான் ஆணை அனுப்பணும். இந்த நாலையும் லோ, இல்ல மீடியம். ஃபீல்டு ஆஃப் வியூவும் இதே கணக்கு. 105ல வெச்சிருந்தா 90க்கு இறக்கிப் பாருங்க, திரைக்குள்ள வர்ற பொருள் குறையும்.

டெக்ஸ்ச்சரை ஹைல வைங்க. அது விஆர்ஏஎம் (கார்டோட சொந்த மெமரி) விஷயம், உங்களுக்கு 12 ஜிபி இருக்கு. 6 ஜிபி கார்டுக்காரங்கதான் யோசிக்கணும். டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸை எடுத்துட்டு குவாலிட்டியோ டிஎல்ஏஏவோ (ரெசல்யூஷனைக் குறைக்காம ஓரங்களை மென்மையாக்கறது) போடுங்க. ஜிபியு பிஸி 9ல இருந்து 12க்கு ஏறினாலும் ஃப்ரேம் டைம் 15ஆத்தான் இருக்கும். தூரத்து ஸ்னைப்பர் தலை கலங்காம தெரியறது உங்களுக்கு லாபம்.

ஃப்யூச்சர் ஃப்ரேம் ரெண்டரிங் ஆன் பண்ணினா சிபியு முன்கூட்டியே ஃப்ரேம் தயார் பண்ணி வைக்கும், எண் ஏறும், மவுஸ் கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு விதமாவும் ஒரு மேட்ச் ஆடிப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க. ஃப்ரேம் ஜெனரேஷன் (நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல செயற்கை ஃப்ரேம் நுழைக்கிறது) வேண்டாம். 3060ல டிஎல்எஸ்எஸ் வகை கிடையாது. ஏஎம்டியோட எஃப்எஸ்ஆர் வகை ஓடும், ஆனா 60 எஃப்பிஎஸ் அடித்தளத்துல போட்டா கவுன்ட்டர்ல 110ன்னு பெருமையா நிக்கும், ட்ரிகர் மட்டும் 60ஐ விட மெதுவா இருக்கும்.

யூசர் டாட் சிஎஃப்ஜி: அதுல இருக்கிறது பெரும்பாலும் ஃப்ராஸ்ட்பைட் எஞ்சின் எத்தனை கோர், எத்தனை த்ரெட் பயன்படுத்தணும்னு சொல்ற வரிகள். அடுத்தவங்க 8 கோர் சிபியுவுக்கு எழுதினதை 6 கோர்ல ஒட்டினா நிலைமை மோசமாகலாம். முயற்சி பண்றதுன்னா உங்க எண்ணிக்கை 6, 12. ப்ரெசென்ட்மான்ல முன்னும் பின்னும் பாருங்க, மாற்றம் இல்லைன்னா ஃபைலை அழிச்சுடுங்க.

கடைசியா கேப் (எஃப்பிஎஸ் உச்சவரம்பு). 62க்கும் 75க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கிறதை விட 65ல கேப் போட்டு நிலையா ஓட விட்டா கைக்கு நல்லா இருக்கும். மானிட்டர்ல விஆர்ஆர் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏத்த மாதிரி திரையோட புதுப்பிப்பு வேகம் மாறறது) இருந்தா அதையும் ஆன் பண்ணுங்க.

---

பதுங்குகுழி பாண்டி

எல்லாம் மாத்தியாச்சு, 70-72 வருது. இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கலாம்னு இருக்கேன். அதே மாடல் கடையில இல்ல, வேற பிராண்டு 3200 இருக்கு. போடலாமா? இல்ல சிபியுவையே மாத்திடலாமா?

---

ஜம்பர் பின்

முதல்ல ஸ்டிக். சிபியுன்னு போனா ரைசன் 7 5700எக்ஸ்3டி இதே ஏஎம்4 சாக்கெட்டுல உக்காரும். எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 96 எம்பி. உங்க 3600ல 32, அதுவும் 16-16ஆ ரெண்டா பிரிஞ்சது. இந்த மாதிரி கேமுக்கு அது பெரிய தாவல்தான். ஆனா ஒரு பீட்டாவை நம்பிக் காசை இறக்காதீங்க. அக்டோபர் 10ல முழுக் கேம் வருது, அதுல அளந்துட்டு வாங்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி போர்டு தளத்துல சிபியு ஆதரவுப் பட்டியலையும் பாருங்க.

வேற பிராண்டு ஸ்டிக் போடலாம், ஆனா 3200ன்னு மட்டும் பாத்து வாங்காதீங்க. ஒண்ணு சிஎல்16, இன்னொண்ணு சிஎல்22ன்னு இருந்தா (சிஎல்னா ரேம் பதில் தர ஆகற தாமதம், எண் கூடினா மெதுவு) ப்ரொஃபைல் போட்டதும் மெதுவான ஸ்டிக் தடுமாறும். அப்ப டைமிங்கை ரெண்டுல மெதுவானதோட எண்ணுக்குக் கையால மாத்துங்க. அதுவும் நிக்கலைன்னா 3000, அப்புறம் 2933. மாட்டினதும் மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று ஓட்டுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் இறக்கணும். ரேம் தப்பு பண்ணினா கேம் டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறியும், நாம பீட்டாவைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

உங்க போர்டுல ரெண்டே ஸ்லாட், அதனால எதுலன்னு குழப்பமில்ல. 4 ஸ்லாட் உள்ளவங்க சிபியு பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும். ஒரு பக்கம் மட்டும் க்ளிப் இருக்கிற போர்டுல, க்ளிப் இல்லாத முனையையும் கட்டைவிரலால அழுத்துங்க. அது அரைகுறையா நிக்கும், பாத்தா தெரியாது. விண்டோஸ்ல 32 ஜிபின்னு வந்தாலும் அதோட விடாதீங்க. சிபியு-இசட் மெமரி டேப்ல சேனல் இடத்துல டூயல்னோ 2 × 64-பிட்னோ வரணும்.