ஃபைலி: 'குலம்' வேண்டாம், 'முறையணி' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> பிரமிடு கட்டிய ஆட்களின் பிரிவான ஃபைலியைக் 'குலம்' என்றே பெயர்க்கலாம். கிரேக்கத்தில் அதுதானே பொருள்?

கிரேக்கத்துக்கு அது சரி. ஏதென்ஸ் நகரத்தாரின் பத்து ஃபைலிகளைக் குலங்கள் என்று எழுதினால் பெரிய பிழை வராது. எகிப்துக்கு அந்தச் சொல் வந்த வழியே வேறு. எகிப்தியர் சொன்னது 'சா'. கி.மு. 238இல் மூன்றாம் தாலமியின் ஆட்சியில் வெளியான கனோபஸ் ஆணை, பூசாரிகளின் நான்கு பிரிவுகளோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தது. அதன் கிரேக்க வடிவத்தில் 'சா'வுக்கு ஈடாக எழுதிய சொல்தான் 'ஃபைலி'. பிற்கால ஆய்வாளர்கள் அதை எடுத்து, ஏறத்தாழ 2300 ஆண்டுகள் முற்பட்ட, கிசாவின் பெரும் பிரமிடைக் கட்டுவித்த மன்னன் கூஃபுவின் ஆட்களுக்கும் சூட்டிவிட்டார்கள்.

நாம் 'குலம்' என்று எழுதினால், கிசாவில் கல் இழுத்தவர்கள் பிறப்பால் ஒன்றுகூடியவர்கள் என்றே மாணவர் படிப்பார். சாட்டையடி பட்ட அடிமைகள் கட்டினார்கள் என்ற கதையே இன்னும் முழுதாக ஓயவில்லை. பிரமிடுகளின் அருகிலேயே தொழிலாளர் கல்லறைகள் 1990 முதல் வெளிப்பட்ட பிறகும் இந்த நிலை. இன்னொரு பொய்ப்படத்தை நம் கையாலேயே வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சா என்பது வேலைப் பிரிவு. அதற்கு மேலே இருந்தது 'அபெர்'. முதலில் கப்பலோட்டும் கூட்டத்தைக் குறித்த சொல் அது. கூஃபுவின் பிரமிடில், அரசன் அறைக்கு மேலுள்ள சிற்றறைகளில், 'கூஃபுவின் நண்பர்கள்' என்று ஓர் அபெரின் பெயர் செங்காவியால் எழுதப்பட்டிருக்கிறது. செங்கடற்கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்னும் இடத்தில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் இன்னும் தெளிவானவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர், ஏறத்தாழ 40 பேர் கொண்ட தம் 'சா'வோடு தூரா கற்சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, பத்து நாளில் இரண்டு மூன்று நடை கிசாவுக்குப் படகில் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். நாலரை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு வேலைக்காரரின் கணக்கு! அவருடைய ஆட்களுக்கு நாம் வைக்கும் பெயர் பொருத்தமாக இருக்க வேண்டாமா?

எனக்கு வழிகாட்டியவை அபுசீர் என்னும் இடத்தில் கிடைத்த கோயில் ஏடுகள். ஐந்தாம் அரசமரபின் மன்னன் நெஃபெரிர்காரேயின் கோயிலில் ஐந்து 'சா'க்களில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, மாதம் ஒன்றாக ஊழியம் செய்தது. பத்து மாதத்துக்கு ஒருமுறை அவரவர் தவணை திரும்பி வரும். நம் கோயில்களில் "இந்த மாதம் யார் முறை?" என்று கேட்பதும் இதே ஏற்பாட்டைத்தான்.

'முறை' என்று மட்டும் சொன்னால் வழி, உறவு, நீதி எல்லாம் குறுக்கே வரும். ஆகவே 'முறையணி' என்கிறேன். 'சுழற்சிக்குழு' என்றும் யோசித்தேன். ஆனால் மெரெரின் ஆட்கள் மாதக்கணக்கில் சேர்ந்தே உழைத்தவர்கள். சுழற்சி என்ற சொல் அவர்களை விட்டுவிடுகிறது. 'முறை'யில் தவணையும் உண்டு, ஒழுங்கும் உண்டு. 'பணிக்குழு' அரசாங்கக் கோப்பை நினைவூட்டுகிறது.

அபெருக்குக் 'குழாம்' போதும். 'கூஃபுவின் நண்பர்கள் என்ற குழாம்', 'மெரெரின் முறையணி' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை. 'சா'வின் உட்பிரிவுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'கூறு' என்று வைக்கலாமா?