மாதம் 5,000 ரூபாயில் ஒரு வருடம்: பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் யாருக்கு உதவும்?

தென்காசிக்காரன்:
இளைஞர்களைப் பெரிய கம்பெனிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப 2024 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முதல் சுற்றில் என் தம்பிக்கு இடம் கிடைத்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு கம்பெனி. 12 மாதம், மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000. ஆஃபர் வந்த அன்று ராத்திரி அப்பா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நாலு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் 3,500, சாப்பாடு 4,000. பஸ் செலவை எழுதவே இல்லை, பேனாவை வைத்துவிட்டார். தம்பி போகவில்லை. அந்தச் சுற்றில் 82,000 ஆஃபருக்கு மேல் கொடுத்தும் சேர்ந்தது சுமார் 8,700 பேர்தான் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நிறைய வீடுகளில் இதே கணக்கு ஓடியிருக்கும்.

பெரம்பலூர் பி.காம்:
அண்ணா, நான் சேர்ந்தவள். படித்து முடித்து இரண்டு வருடம், போன இடமெல்லாம் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான். சிபாரிசு செய்ய எங்களுக்கு யாரும் கிடையாது. இந்தத் திட்டத்தில் சேர்ந்ததும் கம்பெனியின் ஸ்டோர்ஸில், அதாவது சரக்கு வைக்கும் இடத்தில், போட்டார்கள். லாரி வந்ததும் பில்லில் உள்ள எண்ணிக்கையும் இறங்கிய பெட்டிகளும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் வாரமே இரண்டு பெட்டி குறைந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்சார்ஜ் திட்டவில்லை, பக்கத்தில் நின்று மறுபடி எண்ண வைத்தார். இன்று வேறொரு கம்பெனியில் அதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறேன். சித்தி வீட்டில் தங்கியதால் செலவு தெரியவில்லை, அது உண்மை.

தென்காசிக்காரன்:
நான் சொல்வதும் அதைத்தான் தங்கச்சி. சித்தி வீடு இல்லாதவன் என்ன செய்வான்? வீட்டில் யாருக்காவது வருட வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. அப்படியென்றால் இல்லாதவர்களுக்காகப் போட்ட திட்டம். கொடுக்கிற பணம் இல்லாதவன் கிளம்பி வருகிற அளவுக்கு இருக்க வேண்டாமா?

ஷிஃப்ட் இன்சார்ஜ்:
முதல் சுற்றில் இந்த 5,000-இல் 4,500 அரசுப் பணம், கம்பெனி போட்டது 500. அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், எடுத்தால் 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் உண்டு, பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 கொடுக்க வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கம்பெனி எதை எடுக்கும்? நான் முன்பு இருந்த இடத்தில் கான்ட்ராக்ட் ஆள் வராத நாளில் இரண்டு இன்டர்ன் பையன்களை பேக்கிங்கில் நிறுத்தினார்கள். மூன்று மாதம் அங்கேயே நின்றார்கள். பாதிக் காலமாவது வேலைக்களத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே யார் சொல்லிக்கொடுத்தது, என்ன கற்றார்கள் என்று ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அந்தப் பையன்களிடம் நானும் அன்று பேசாமல் இருந்தேன், இன்றுவரை உறுத்துகிறது.

பெரம்பலூர் பி.காம்:
சார், அப்படி நடந்தால் அந்தக் கம்பெனியைக் கேளுங்கள், திட்டத்தை மூடச் சொல்லாதீர்கள். என் வகுப்பில் 40 பேர். ஒருவரைக்கூட எந்தக் கம்பெனியும் அப்ரண்டிஸாகக் கூப்பிடவில்லை.

தென்காசிக்காரன்:
மூடச் சொல்லவில்லைம்மா. வெளியூர் போகிறவனுக்குத் தங்குமிடம் கொடுக்கட்டும், இல்லையென்றால் தொகையை அப்ரண்டிஸ் அளவுக்காவது உயர்த்தட்டும். என் தம்பி இப்போது ஊரிலேயே மொபைல் கடையில் நிற்கிறான்.

பெரம்பலூர் பி.காம்:
அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் அண்ணா. முதலில் திருநெல்வேலியைப் போடச் சொல்லுங்கள், வீட்டிலிருந்தே போய்வரலாம்.