தனியாகப் பயணம் போகப் பழகியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரையோர ரயில்

எங்கள் வீட்டில் "தனியவா போறாய்?" என்றால் அது கேள்வி இல்லை, போகாதே என்று அர்த்தம். வேலை கிடைத்து வெள்ளவத்தையில் அறை எடுத்த பிறகும் நீண்ட காலம் அலுவலகம், அறை, வெள்ளிக்கிழமை என்றால் கோயில், அவ்வளவுதான். தோழிகள் ஒவ்வொருவராகக் கல்யாணம் முடித்துப் போனதும் கூட வர ஆள் இல்லை. துணிச்சல் வந்து கிளம்பினேன் என்று சொல்ல மாட்டேன். அலுத்துப்போய்த்தான் கிளம்பினேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொழும்பு நல்ல ஊர். மேற்கே கடல், கடலை ஒட்டி ரயில் பாதை, அதற்குப் பக்கத்திலேயே காலி நகருக்குப் போகிற காலி வீதி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தால் காலி வீதி வந்துவிடும். அங்கே 100, 101 பஸ் ஓடுகிறது. தொலைந்துபோக வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. நான் முதலில் கோட்டை வரைக்கும் போனேன், பிறகு எதிர்ப்பக்கம் கல்கிசை. அப்புறம் பாணந்துறை, அளுத்கம என்று நீண்டு கடைசியில் காலி நகரம். காலிக் கோட்டை மதில் மேல் தனியாக நடந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது!

உண்மையில் பெரிய வெட்கம் சாப்பாட்டுக் கடைதான். நாலு பேர் மேசையில் தனியே உட்கார்ந்தால் முழுக் கடையும் பார்ப்பதுபோல இருக்கும். பம்பலப்பிட்டியில் ஒரு சைவக் கடையில் வயதான அம்மா ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். என் முழியைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "நானும் தனியத்தான் மகள், அவர் போன பிறகு. முதலில பிளேன்டீ மட்டும் குடிச்சிட்டு ஓடிவிடுவன். இப்ப தோசையும் சாப்பிட்டு, பேப்பரும் வாசிச்சிட்டுத்தான் எழும்புறது." அன்றிலிருந்து நானும் அவசரப்படுவதில்லை.

பஸ் உரசலைச் சொல்லாமல் விட முடியாது. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்சிலும் ரயிலிலும் தொல்லைக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொன்னார்கள். அதில் பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம். தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, ஆனால் நெரிசலில் பிரிவு இலக்கம் எங்கே ஞாபகம் வரும்? ஒருநாள் எனக்கு வாயே வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள ஆன்டி ஒன்றும் பேசாமல் தன் பெரிய கைப்பையை எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் செருகினார். அடுத்த ஹோல்ட்டில் அவன் இறங்கிவிட்டான். இப்போது நானும் பெரிய பை கொண்டுபோகிறேன். எனக்காக மட்டும் இல்லை.

கொட்டாஞ்சேனை மாமா

மகள், அந்தப் "போகாதே" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் காலத்தில், யுத்தம் நடந்தபோது, கொழும்பில் வெளியே கிளம்பினால் எந்த வீதியால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். 2007 ஜூன் 7 விடிய முன்பே லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி பஸ்சில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அதைப் பார்த்தவர்கள் பிள்ளையைத் தனியே விடுவார்களா? உன் அம்மாவில் கோபிக்காதே.

1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை போனது. மனைவி கூட வருகிறேன் என்றார். நான் தனியாகவே போக வேண்டும் என்று நின்றேன். ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதிர் சீட்டில் நயினாதீவுக்குப் போகிற ஒரு சிங்களப் பையன், அவனும் தனி. யுத்த காலத்தில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தை வந்ததும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. அவன் அதைப் பசி என்று நினைத்தானோ என்னவோ, மீன் வைத்த தன் மாலுபாணில் பாதியைப் பிய்த்து நீட்டினான். வெள்ளிக்கிழமை, நான் மச்சம் தொடுவதில்லை. ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பதுளைப் பிள்ளை

எனக்கு ரயிலும் பயமில்லை, பஸ்சும் பயமில்லை. அறைதான் பிரச்சினை. மலைநாட்டில் ஒரு தங்குமிடத்தில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு "தனியாக வரும் உள்ளூர்ப் பெண்களுக்குத் தருவதில்லை" என்றார்கள். வெளிநாட்டுப் பெண் என்றால் தனியாக வரலாமாம்! அப்போதிருந்து குடும்பமாக இருந்து நடத்துகிற வீடுகளாகப் பார்த்து முன்கூட்டியே போன் பண்ணி, வீட்டுக்கார அம்மாவிடமே பேசிவிடுகிறேன். அவர் "எத்தனை மணிக்கு வருவீங்க, சாப்பாடு வைக்கவா?" என்று கேட்டால் அந்த இடம் சரி. ரயிலுக்கு ஒதுக்கிய சீட் வேண்டும் என்றால் 30 நாளுக்கு முன்பே டிக்கட் போடுங்கள். நீண்ட விடுமுறை என்றால் அன்றைக்கே முடிந்துவிடும்.

கரையோர ரயில்

மாமா, அந்த மாலுபாண் கணக்கில் வராது. பதுளைப் பிள்ளை, சாப்பாடு வைக்கவா என்று கேட்கிற அம்மாவின் நம்பரைத் தனியாக அனுப்புங்கள். நானு ஓயா வரை போகலாம் என்று இருக்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டுப் போவதா, போய் இறங்கிவிட்டுச் சொல்வதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.