இரண்டாவது கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை: லண்டன், பாரிஸ் வழியாகப் போய்வர ட்ரான்சிட் விசா தேவையா?

சுழிபுரத்தான்:

வணக்கம். பாதியைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும் என்பதால் என் நிலைமையை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். பதினோரு ஆண்டுகளாக ரொறன்ரோவில் வசிக்கிறேன். இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்வதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, அந்தச் சான்றிதழ் கிடைத்த பின்னரே சென்ற மாதம் கனடாக் குடியுரிமைக்கான சத்தியப்பிரமாணத்தை எடுத்தேன். நிகழ்வு இணையவழியில் நடந்தது. அதிகாரி சொன்னபடி பி.ஆர். அட்டையை (நிரந்தர வதிவிட அட்டை) கமராவுக்கு முன்னால் பிடித்துக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் காட்டினேன். துண்டுகள் இன்னமும் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. கனடாக் கடவுச்சீட்டுக்கு அஞ்சலில் விண்ணப்பித்து ஏழு வேலைநாட்கள் ஆகின்றன. என்னிடம் இப்போது இருப்பது 2028 வரை செல்லுபடியாகும் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே.

இதற்கிடையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அடுத்த வாரம் சத்திரசிகிச்சை. அதற்கு முன்னர் நான் அங்கே நிற்க வேண்டும். போகும்போது லண்டன் ஹீத்ரோவிலும், திரும்பும்போது பாரிஸிலும் விமானம் மாறும்படி பயண முகவர் ஒரே டிக்கெட்டாகப் போட்டுத் தந்திருக்கிறார். இரண்டு இடங்களிலும் நான் விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லை. "கனடாவில் வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு ட்ரான்சிட் விசா தேவையில்லை" என்று முகவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரியா? கனடாக் கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைக் கூரியரில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைப்பார், திரும்பி வரும்போது அதைக் காட்டலாம் என்பது என் திட்டம்.

பதிவுமேசை:

அம்மா விரைவில் நலம்பெறட்டும். நான் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன். உங்கள் முகவர் சொன்னது சென்ற மாதம் வரைக்கும் சரியாக இருந்த பதில். இன்றைக்குப் பிழையான பதில்.

விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் விசா எடுக்க வேண்டியவர்கள் என்று பிரித்தானியா வைத்திருக்கும் பட்டியலில் இலங்கை இருக்கிறது. பிரான்ஸ் உட்பட ஷெங்கன் நாடுகள் (பொதுவான விசா முறை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றுக்கும் பொதுவாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பில் ஒரு பட்டியல் உண்டு. அதில் பன்னிரண்டு நாடுகள்தான் இருக்கின்றன. அவற்றுள்ளும் இலங்கை ஒன்று. கனடாவின் பி.ஆர். அட்டை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு இடங்களிலும் விலக்கு உண்டு (பிரித்தானியாவின் விதிப்படி 2002 ஜூன் 28 அன்றோ அதன் பின்னரோ வழங்கப்பட்ட அட்டையாக இருக்க வேண்டும்). நம்மவர்கள் இத்தனை காலமும் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஹீத்ரோ வழியாகச் சிக்கலின்றிப் போய்வந்தது இந்த விலக்கினால்தான். உங்கள் முகவரும் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

ஆனால் சத்தியப்பிரமாணம் எடுத்து நீங்கள் குடிமகனான அந்த நிமிடத்திலேயே உங்கள் நிரந்தர வதிவிட அந்தஸ்து சட்டப்படி முடிந்துவிட்டது. அட்டையை வெட்டச் சொல்வதும் அதனால்தான். குடியுரிமைச் சான்றிதழ் அதைவிடப் பெரிய உரிமையைக் காட்டும் பத்திரம் என்றாலும், அது பயணப் பத்திரமும் அல்ல, வதிவிட அட்டையும் அல்ல. விலக்குப் பட்டியலில் அதற்கு இடமில்லை. உரிமை கூடியிருக்கிறது, காட்டுவதற்கான பத்திரம் குறைந்திருக்கிறது. இந்த இரண்டு மூன்று வாரங்களுக்குப் போக்குவரத்து நாடுகளின் கண்ணில் நீங்கள் கனடாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இலங்கைப் பயணி.

கவுன்டரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடவுச்சீட்டை வருடியதும், "டிமாட்டிக்" என்ற தரவுத்தளத்தின்படி எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எந்த நாட்டு வதிவிடப் பத்திரம், எந்த இடத்தில் மாறுகிறார், எங்கே போகிறார் என்ற கேள்விகளுக்குப் பதில் நிரப்ப வேண்டும். வதிவிடப் பத்திரம் என்ற இடத்தில் உங்களுக்கு நிரப்ப ஒன்றுமில்லை. உரிய விசா இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆகையால் உங்கள் கதை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், கவுன்டரில் நிற்கும் பிள்ளைக்கு உங்களை ஏற்றிவிடும் அதிகாரம் இல்லை.

நயாகரா நண்பன்:

அண்ணா, இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். லண்டனை விட்டுவிட்டு நியூயோர்க் வழியாகப் போங்கள். திரும்பும்போதும் நியூயோர்க்கில் இறங்கி, தரைவழியாகப் பஃபலோ எல்லைக்கு வந்து குடியுரிமைச் சான்றிதழைக் காட்டினால் கனடாவுக்குள் விட்டுத்தானே ஆகவேண்டும்?

பதிவுமேசை:

தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனால் இது இருப்பதிலேயே கடினமான வழி. அமெரிக்க விமான நிலையங்களில் சர்வதேசப் பயணிகளுக்கென்று தனியான மாறுபகுதி கிடையாது. ஒரு மணி நேரம் நின்று அடுத்த விமானம் ஏறுபவரும் அந்நாட்டுக்குள் நுழைபவராகவே கருதப்படுவார். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கென்று சி-1 விசா வேண்டும். பியர்சனில் இருந்து போகும்போது அமெரிக்கக் குடிவரவுச் சோதனையே ரொறன்ரோவில்தான் நடக்கிறது என்பதால், இங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லை வரைக்கும் வந்துவிட்ட கனடாக் குடிமகனுக்கு நுழையும் உரிமை உண்டு என்பது உண்மை. அந்த எல்லை வரைக்கும் வருவதற்குத்தானே விசா இல்லை?

கொக்குவில் கமலம்:

தம்பி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே இடத்தில் நானும் மாட்டிக்கொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

போவதற்கு மட்டும் என்றால் டோகா, டுபாய், அபுதாபி வழியாகப் போகலாம். ஒரே டிக்கெட்டில், விமான நிலையத்துக்கு உள்ளேயே மாறும் இலங்கைப் பயணியிடம் அங்கே விசா கேட்பதில்லை. கனடாவை விட்டு வெளியேறும்போது குடியகல்வுக் கவுன்டர் என்று ஒன்று இல்லை. சொந்த நாட்டுக்குள் நுழைய இலங்கைக் கடவுச்சீட்டே போதும். ஆகவே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். சிக்கல் முழுவதும் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

2016 நவம்பர் 10 முதல், இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர்கள் விமானத்தில் கனடாவுக்கு வருவதானால் செல்லுபடியாகும் கனடாக் கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கனடாவுக்கு விசா தேவைப்படாத நாடுகளின் கடவுச்சீட்டு இருந்தால், பத்து நாட்களுக்குச் செல்லும் சிறப்பு அனுமதி ஒன்றை இணையத்தில் கேட்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதுவும் இல்லை. குடிமகனாகிவிட்டதால் வருகையாளர் விசாவும் தரமாட்டார்கள். ஆகவே கூரியர் பொதி ஒரு வாரம் எங்கேயாவது தங்கிவிட்டால் நீங்களும் அங்கே தங்க வேண்டியதுதான். அப்படி நேர்ந்தால் கொழும்பில் உள்ள கனடா உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக அலைவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். அஞ்சலில் விண்ணப்பித்துவிட்டோம், இனிக் காத்திருக்கத்தான் வேண்டும் என்று நானும் முதலில் எண்ணினேன். பிறகு டிக்கெட்டின் பிரதியையும், மருத்துவமனையில் தந்த கடிதத்தின் படத்தையும், பழைய விண்ணப்பத்தின் விபரங்களையும் எடுத்துக்கொண்டு காலை ஏழரைக்கே கடவுச்சீட்டு அலுவலக வாசலில் போய் நின்றேன். அஞ்சலில் வழக்கமான காலம் 20 வேலைநாட்கள். அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் 10. மேலதிகக் கட்டணம் கட்டினால் 2 முதல் 9 வேலைநாட்களுக்குள் எடுக்கலாம். பயணச் சான்று காட்டி அவசர சேவை கேட்டால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் கொடுக்கிறார்கள். எல்லா அலுவலகங்களிலும் அவசர சேவை இல்லை என்பதால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். என் பழைய விண்ணப்பத்தை அவர்களே தேடியெடுத்து மாற்றினார்கள். மூன்றாம் நாள் கடவுச்சீட்டு கையில் இருந்தது.

ட்ரான்சிட் விசாவுக்கு ஓடுவதை விட இது எத்தனையோ மேல். பிரித்தானிய ட்ரான்சிட் விசாவுக்கு விரல் அடையாளம் கொடுக்க நேரில் போக வேண்டும்; முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் வரை என்று அவர்களே சொல்கிறார்கள்; அதுவரைக்கும் கையில் இருக்கும் ஒரேயொரு கடவுச்சீட்டையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மணற்காடு:

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கேள்வி கேட்டவர் சத்தியப்பிரமாணத்துக்கு முன்னரே தக்கவைப்புச் சான்றிதழ் எடுத்துவைத்தார். நம்மில் பலர் அதைச் செய்வதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக விரும்பிப் பெறுபவர் இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். இழந்த பின்னர் அதை மீளப்பெற விண்ணப்பிக்கலாம் என்றாலும், அது கிடைக்கும் வரைக்கும் லாச்சியில் இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு, 2028 வரை திகதி இருந்தாலும், உங்களுடையது அல்ல. அதைக் காட்டிக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவது ட்ரான்சிட் விசாவை விடப் பெரிய வில்லங்கம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை என்ற பேச்சே இல்லை. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றதும் அதை ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் கமலம் அக்கா சொன்ன முதல் வழியைத் தங்களுக்கும் பொருந்துமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுழிபுரத்தான்:

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் காலை கமலம் அக்கா சொன்னபடியே போய் நின்றேன். முதலில் கொஞ்சம் முகத்தைச் சுளித்தாலும், டிக்கெட்டைப் பார்த்ததும் விண்ணப்பத்தை அவசர சேவைக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயணம் சனி இரவு.

இனி இரண்டு கேள்விகள். இரண்டு கடவுச்சீட்டுகளில் எதை எங்கே காட்டுவது? இலங்கைக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் இருக்கிறது. கனடாச் சான்றிதழில் அது மாறி, என் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. டிக்கெட் இலங்கைக் கடவுச்சீட்டில் உள்ளபடி போடப்பட்டிருக்கிறது.

பதிவுமேசை:

பெயரை இன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டுவைக்க வேண்டாம். விமான நிறுவனத்துக்கு எந்தக் கடவுச்சீட்டைக் காட்டுகிறீர்களோ அதில் உள்ளபடியே டிக்கெட் இருக்க வேண்டும். உங்களுக்கு அது கனடாக் கடவுச்சீட்டு. தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம்மாறி, கடைசி நேரத்தில் கவுன்டரில் வியர்த்துப்போய் நின்ற நம்மவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் கனடாக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். இலங்கைக்கு விசா எங்கே என்று கேட்டால் மட்டும் இலங்கைக் கடவுச்சீட்டையும் எடுத்து வையுங்கள். ஹீத்ரோவிலும் பாரிஸிலும் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் போதும். கனடியர்கள் பிரித்தானியாவுக்குள் நுழைய 2025 ஜனவரி 8 முதல் இணையவழி முன்னனுமதி எடுக்க வேண்டும் என்றாலும், ஹீத்ரோவில் குடிவரவுக் கவுன்டரைக் கடக்காமல் மாறுபவர்களிடம் அது கேட்கப்படுவதில்லை. பொதிகள் கொழும்பு வரைக்கும் நேரே போகின்றனவா என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றால் கவுன்டரைக் கடக்க நேரிடும், அப்போது முன்னனுமதி வேண்டும்.

கட்டுநாயக்கவில் குடிவரவு அதிகாரியிடம் இலங்கைக் கடவுச்சீட்டைக் கொடுங்கள். திரும்பும்போது விமான நிறுவனத்தின் கவுன்டரில் கனடாக் கடவுச்சீட்டு, அதைக் கடந்து குடியகல்வு அதிகாரியிடம் வந்ததும் நுழைந்தபோது முத்திரை வாங்கிய அதே இலங்கைக் கடவுச்சீட்டு. தக்கவைப்புச் சான்றிதழின் பிரதியொன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் அல்ல.

சுழிபுரத்தான்:

முகவரோடு இப்போதுதான் பேசினேன். பெயரை மாற்றிப் புதிய டிக்கெட்டை அனுப்பியிருக்கிறார். பொதி கொழும்பு வரைக்கும் நேரே போகிறது. அம்மாவின் சத்திரசிகிச்சை செவ்வாய் காலை என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். திங்கள் இரவே கொழும்பில் இறங்கிவிடுவேன்.